வியாழக்கிழமைக் கிலோமீட்டர்

3 ஜூன் 2016, வெள்ளி

காருக்கு நாலு டயரும் மாற்றியாயிற்று. மெக்கானிக் அய்யூப் பாய் எங்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். எங்கள் அம்பாசிடருக்கு இருந்த பழைய அளவு டயர் தாராபுரத்தில் கிடைப்பதில்லை, கோயமுத்தூரிலும் தேடிப் பார்த்துவிட்டாராம். ரிம்முக்குப் பொருந்துகிற வேறு ஒன்றைப் போட்டிருக்கிறார். உயரம் குறைவு. கார் கொஞ்சம் குனிந்து நிற்கிற மாதிரி இருக்கிறது.

"அக்கா, இதுல ஒரு சங்கதி இருக்குது," என்று என்னையும் கூப்பிட்டுச் சொன்னார். "சக்கரம் சின்னதாயிருச்சு. அதே தூரம் போறதுக்கு அதிகமாச் சுத்தோணும். மீட்டருக்குப் போற கேபிள் கியர்பாக்ஸ்ல இருந்து வருது. அது சுத்தறதத்தான் எண்ணும், ரோட்டைப் பாக்காது. இனி முள்ளு அறுபதுன்னு காட்டுனா நெசத்துல அம்பத்தேழு. நூறு கிலோமீட்டர் போனா நூத்தியஞ்சு, நூத்தியாறுன்னு ஓடியிருக்கும்."

"இஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்றார் இவர்.

"எடுப்பு நல்லா இருக்குமுங்கய்யா. மேட்டுல சுலுவா ஏறும். ஆனா நாலாவது கியர்ல போனாலும் கொஞ்சம் இரையும். பெட்ரோல் எப்படிக் குடிக்குதுன்னு பாக்கோணும். ஒரு மாசத்துக்கு வண்டி எடுக்கறப்பவும் விடறப்பவும் மீட்டரை எழுதி வைங்க."

"அதுக்கென்ன, எழுதறதுக்குன்னே எங்கூட்டுல ஒரு ஆள் இருக்குதே," என்று இவர் என்னைக் காட்டிச் சிரித்தார்.

டிக்கியில் இருக்கிற ஸ்டெப்னி மட்டும் பழைய டயரேதான். அதை அவசரத்துக்கு முன் சக்கரத்தில் போடலாமாம். பின்னால் போட்டு ரொம்ப தூரம் ஓட்டினால் ஒரு பக்கம் பெரிசும் ஒரு பக்கம் சிறிசுமாகச் சுற்றி, இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற டிஃபரன்சியல் சூடாகிக் கெட்டுப்போகும் என்று பாய் இரண்டு தடவை சொன்னார். இவர் தலையாட்டினார்.

மாலை மீட்டர்: 67,412.

5 ஜூன், ஞாயிறு

இவரோடு பொன்னாளிவலசு கோயிலுக்குப் போய்வந்தேன். குலதெய்வக் கோயில் திருப்பணிக் கமிட்டிக்கு இவர்தான் தலைவர். ஆவணி 23-இல் கும்பாபிஷேகம். கோபுரத்துக்கு வர்ணம் பூசிக்கொண்டிருக்கிறார்கள். ஊரில் எல்லாரும் இவரைக் கேட்காமல் ஒரு செங்கல்லை நகர்த்துவதில்லை.

கோயில் வாசல் கல்லில் தாராபுரம் 22 என்று போட்டிருக்கிறது. போகவர 44. மீட்டர் 47 காட்டியது. பாய் சொன்ன கணக்கு அப்படியே சரியாக இருந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ரவிக்கை தைத்துத் தைத்துத்தான் கணக்கு மறக்காமல் இருக்கிறது.

7 ஜூன், செவ்வாய்

இரண்டு ரவிக்கை முடித்தேன். பூசாரியின் பேத்திக்கு இன்னொரு கவுன் வேண்டும் என்று இவர் துண்டுச்சீட்டில் அளவு கொண்டுவந்தார். மார்பு இருபது அங்குலம், நீளம் பதினெட்டு. போன வருஷத்தைவிட இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கிறாள். அந்தக் குழந்தையை நான் பார்த்ததேயில்லை, எப்போது போனாலும் அவள் அம்மாவின் ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்கிறார். மஞ்சள் துணியில் சின்னச் சின்ன மீன் போட்டது ஒன்று மிச்சம் இருந்தது. அதில் தைத்து, கவுனின் பையில் நூலால் ஒரு வாத்து பின்னி வைத்தேன். பூசாரி பேத்திக்கு வாத்து எதற்கு என்று இவர் கேட்கவில்லை. கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

9 ஜூன், வியாழன்

வழக்கம்போல் கமிட்டி வேலைக்குப் போனார். காலை 67,463. மாலை 67,562.

தொண்ணூற்றொன்பது.

10 ஜூன், வெள்ளி

"ஏனுங்க, நேத்து கோயிலுக்குத்தான போனீங்க? தொண்ணூத்தொம்பது ஓடியிருக்குது," என்று கேட்டேன்.

"டயர் சின்னதுன்னு பாய் உங்கிட்டயே சொன்னானே. மீட்டர் அப்படித்தான் ஓடும்," என்றார் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

வண்டி விஷயம் எனக்கென்ன தெரியும். சரி என்று விட்டுவிட்டேன்.

16 ஜூன், வியாழன்

98.

19 ஜூன், ஞாயிறு

மறுபடியும் நான் கூடப் போனேன். கோயிலுக்குப் போய்த் திரும்பினோம். 47. அதே டயர், அதே ரோடு, ஓட்டுகிறவரும் அவரேதான்.

20 ஜூன், திங்கள்

இவர் பேங்குக்கு நடந்து போயிருந்தபோது தையல் டேப்பை எடுத்துக்கொண்டு காரிடம் போனேன். பின் டயரின் மேல் டேப்பைச் சுற்ற முடியவில்லை, மேலே தகரம் இடித்தது. சாக்பீஸால் டயரிலும் தரையிலும் ஒரு கோடு போட்டு, காரை ஒரு சுற்றுத் தள்ளி, டயர்க் கோடு மறுபடி தரையைத் தொட்ட இடத்தில் இன்னொரு கோடு போட்டேன். நியூட்ரலில் இருந்தது, சாய்வான வாசல், முட்டுக்கல்லை எடுத்ததும் நகர்ந்துவிட்டது. தரையில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் எழுபத்தாறே முக்கால் அங்குலம். பிறகு ஸ்டெப்னியை இறக்கி உருட்டினேன். எண்பத்தொன்று. ஒரு சுற்றுக்கு நாலேகால் அங்குலம் குறைகிறது.

ரவிக்கை தைக்கிறவளுக்குச் சுற்றளவு தெரியாதா. வகுத்துப் பார்த்தேன். நாற்பத்து நாலு கிலோமீட்டருக்கு நாற்பத்தாறரை வரும். எத்தனை தடவை போட்டாலும் தொண்ணூற்றெட்டு வரவில்லை. தொண்ணூற்றெட்டு வர வேண்டுமானால் நிஜத்தில் தொண்ணூற்று மூன்று கிலோமீட்டர் போயிருக்க வேண்டும்.

ஸ்டெப்னியை டிக்கியில் தூக்கிப் போட முதுகு பிடித்துக்கொண்டது. என்னாச்சு என்று கேட்டார். குடத்தைத் தூக்கினேன் என்று சொன்னேன்.

23 ஜூன், வியாழன்

99. சட்டையில் குழந்தைப் பவுடர் வாசனை. தோளில் பருப்புச் சோறு காய்ந்திருந்தது. கல்லில் போட்டுத் துவைத்தேன், போய்விட்டது. வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

27 ஜூன், திங்கள்

இன்று தாரணிக்கு இருபத்தெட்டு வயது. பாயசம் வைக்கவில்லை.

எங்களுக்கு அவள் ஒருத்திதான். நாலு வருஷத்துக்கு முன்பு கூட வேலை பார்த்த ஞானசேகரைக் கட்டிக்கொண்டு போனாள். வேறு சாதி. அந்த வாரமே இவர் என்னைப் பொன்னாளிவலசுக்குக் கூட்டிப்போய்ச் சாமி முன்னால் கற்பூரத்தை ஏற்றி, "இனி அவ மொகத்துல முழிக்க மாட்டேன்னு அணை," என்றார். நான் உள்ளங்கையால் அணைத்தேன். இரண்டு நாள் கை எரிந்தது. வீட்டில் இருந்த போட்டோவெல்லாம் இவரே எடுத்து எங்கோ வைத்துவிட்டார். அடுத்த வருஷம் கமிட்டித் தலைவர் ஆனார். சொந்த மகளையே தலைமுழுகின மனுஷன் என்று ஊரில் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள்.

ஒரு தடவை அவள் போன் செய்தாள். "அம்மா," என்றது கேட்டது. வைத்துவிட்டேன். சத்தியம் செய்திருந்தேனே.

30 ஜூன், வியாழன்

98.

நான் ஒன்றும் சின்னப் பெண் இல்லை. ஐம்பத்தெட்டு வயது. வாரம் ஒரு நாள், யாருக்கும் சொல்லாத ஐம்பது கிலோமீட்டர், சட்டையில் குழந்தைப் பவுடர். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். யாரோ ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு ஒரு குழந்தையும் இருக்கிறது. எழுதிவிட்டேன்.

இவரிடம் கேட்கவில்லை. கேட்டால் டயர் என்பார்.

4 ஜூலை, திங்கள்

மாசம் ஆகிவிட்டது என்று அய்யூப் பாய் வந்து நோட்டைப் பார்த்தார். விரலை வைத்து வரிசையாகப் படித்தவர் வியாழக்கிழமைகளில் நின்றுவிட்டார்.

"ஐயா, இந்த நாளெல்லாம் எங்க போனீங்க? கோயிலுக்கு இத்தன வராதே."

"கல்லு பாக்க, சிற்பியப் பாக்கன்னு நாலு எடம் அலையறேன். அதயெல்லாம் உங்கிட்ட வந்து சொல்லோணுமா? உன்ர வேலையென்ன, ஸ்பேனர் புடிக்கறது. அதப் பாரு," என்றார் இவர்.

இருபது வருஷமாக இந்த வண்டியைப் பார்க்கிற மனுஷர். பாய் முகம் சுருங்கிப்போயிற்று. நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "வர்றனுங்கக்கா," என்று போய்விட்டார்.

என்னிடம் சொன்னது டயர். பாயிடம் சொன்னது சிற்பி.

7 ஜூலை, வியாழன்

பின்னால் இடது டயர் பஞ்சர் ஆகிவிட்டதாம். ஸ்டெப்னியை அதே இடத்தில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பஞ்சரான டயர் பக்கவாட்டில் கிழிந்திருக்கிறது, ஒட்ட முடியாது.

"பின்னால போடக் கூடாதுன்னு பாய் சொன்னாரே."

"நாலு நாள்ல மாத்திக்கலாம்."

14 ஜூலை, வியாழன்

96. இரண்டு குறைந்திருக்கிறது. ஒரு சக்கரம் பெரிசாகிவிட்டதால் மீட்டரும் அந்த அளவுக்கு இறங்கிவிட்டது. போகிற இடம் மாறவில்லை.

வண்டி கிளம்பும்போதும் திரும்பும்போதும் பின்னாலிருந்து அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். பாயிடம் காட்டுங்கள் என்றேன். அவன் கடைப் பக்கமே போகமாட்டேன் என்கிறார்.

18 ஜூலை, திங்கள்

சத்தம் அதிகமாகியிருக்கிறது. இவருக்குக் காது கேட்காமல் இல்லை.

21 ஜூலை, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

காலை ஒன்பதுக்குக் கிளம்பிப் போனார். பதினொன்றரை இருக்கும், அய்யூப் பாய் தன் ஆம்னி வேனை வாசலில் நிறுத்தி இறங்கினார்.

"அக்கா, ஐயா வண்டி உடுமலைல நின்னுபோச்சாமுங். டிஃபரன்சியல் கடகடன்னு ஆடி, சக்கரம் சுத்தமாட்டேங்குதாம். அங்க இருக்கற மெக்கானிக் பையன் எங்கிட்டத் தொழில் படிச்சவன், கண்ணாடில என்ர கடை ஸ்டிக்கரைப் பாத்துட்டு போன் போட்டான். ஐயா எங்கிட்டக் கோவமா இருக்காரு, அதுக்காக வண்டிய விட்டற முடியுமா? போய்ப் பாத்துட்டு வர்றேன், உங்ககிட்டச் சொல்லிட்டுப் போலாம்னு."

உடுமலை. எந்த ஊர் என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

"நானும் வர்றேன்," என்றேன். சேலை மாற்றவில்லை. கதவைப் பூட்டினேனா என்று நினைவில்லை.

வழியெல்லாம் பாய் பேசிக்கொண்டே வந்தார். பெரிய சக்கரம் மெதுவாகச் சுற்றும், சின்னது வேகமாகச் சுற்றும், நேர் ரோட்டில் கூட இரண்டுக்கும் நடுவில் பல்சக்கரங்கள் ஓய்வில்லாமல் உரசிக்கொண்டே இருக்கும், எண்ணெய் கருகி, கடைசியில் பல் உடையும் என்றார். வளைவில் திரும்புவதற்காகச் செய்து வைத்ததை நேர் ரோட்டிலும் வேலை வாங்கினால் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்றார். நான் உம் கொட்டிக்கொண்டு வந்தேன். அவள் எப்படி இருப்பாள், என்ன வயசு இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதலில் என்ன கேட்பது என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு சந்துக்குள் எங்கள் கார் நின்றது. அடியில் ஒருவர் படுத்திருந்தார். எதிரில் நீலக் கதவு போட்ட வீடு. படியில் ஒரு பெண்குழந்தை உட்கார்ந்து கல்லை அடுக்கிக்கொண்டிருந்தாள். மஞ்சள் கவுன். மீன் போட்டது. பையில் வாத்து.

என் கையால் தைத்தது. அந்த இன்னொருத்தியின் குழந்தைக்கு என்னையே தைக்க வைத்திருக்கிறார். எனக்கு அந்த நிமிஷத்தில் வந்த கோபம் முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் வந்ததில்லை. பாய் ஏதோ கேட்டார், பதில் சொல்லாமல் படியேறினேன்.

உள்ளே இவர் பனியனோடு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். சமையலறையிலிருந்து மோர் டம்ளரோடு ஒரு பெண் வந்தாள்.

தாரணி.

கொஞ்சம் பருத்திருந்தாள். என் அம்மாவின் தோடு காதில் இருந்தது, அவள் போகும்போது போட்டுக்கொண்டு போனது. டம்ளரை அலமாரியில் வைத்தாள்.

"வந்துட்டீங்களாம்மா," என்றாள். "மனசு எறங்கறதுக்கு நாலு வருசம் ஆச்சு உங்களுக்கு."

"எனக்கா?"

"பின்ன? வாராவாரம் அப்பாகிட்டக் கேக்கறேன். அம்மா வருவாங்களா, ஒருக்காக் கூட்டிட்டு வாங்கன்னு. 'உங்கம்மா மனசு கல்லு, உன் பேரச் சொன்னாலே எந்திரிச்சுப் போயிர்றா'ன்னு சொல்லுவாங்க. இவ பொறந்து ஆஸ்பத்திரில கெடந்தப்பக்கூட அதத்தான் சொன்னாங்க."

நான் இவரைப் பார்த்தேன். இவர் ஃபேனைப் பார்த்தார்.

குழந்தை ஓடி வந்து இவர் காலைக் கட்டிக்கொண்டு, "அப்புச்சி, யாரு?" என்றாள். இவர் பழக்கமாக அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். எத்தனை நாள் தூக்கினால் அந்தப் பழக்கம் வரும்.

"இந்தக் கவுன் ஏது?" என்றேன் தாரணியிடம்.

"அப்பா கோயமுத்தூர்ல வாங்கிட்டு வருவாங்க. எல்லாமே அப்பா வாங்கறதுதான்."

நான் போய் அந்தக் கவுனின் விளிம்பை மடித்துத் திருப்பிக் காட்டினேன். என் மெஷினில் மூன்று தையலுக்கு ஒரு தடவை நூல் தாவும். எத்தனை பேரிடம் காட்டியும் சரியாகவில்லை. தாரணி அந்த மெஷினுக்குக் கீழே படுத்து வளர்ந்தவள். விரலால் தடவிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. அப்பாவைப் பார்த்து, "அம்மா தைச்சதா?" என்று மட்டும் கேட்டாள்.

"கதவச் சாத்திட்டு உள்ள வந்து பேசுங்க. வாசல்ல ஆளுக இருக்குது," என்றார் இவர்.

நான் கதவைச் சாத்தாமல் படியிறங்கினேன். பாயின் வேனிலேயே திரும்பிவிட்டேன். வீட்டில் இறக்கிவிடும்போது பாய், "தண்ணி குடிச்சுட்டுப் படுங்கக்கா," என்றார்.

22 ஜூலை, வெள்ளி

நேற்று சாயங்காலம் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். கார் உடுமலையிலேயே கிடக்கிறது. இன்று காலை, காபி கொடுக்காமல் எதிரில் உட்கார்ந்தேன்.

"எப்ப இருந்து?"

"கொழந்த பொறந்தப்ப மாப்ள போன் பண்ணுனாரு. பெங்களூர்ல இருந்து உடுமலைக்கே வந்துட்டோம்னு. ஒருக்காப் பாத்துட்டு வந்தரலாம்னு போனேன். பொறவு விட முடியல."

மூன்று வருஷம். வாரத்துக்கு ஒன்று என்றால் நூற்றைம்பது தடவை. ஒவ்வொரு தடவையும் இந்த வீட்டிலிருந்து கிளம்பி, இந்த வீட்டுக்கே வந்து, நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டிருக்கிறார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீ அங்க போயிட்டு வந்தா மொகத்துலயே எழுதி ஒட்டியிருக்கும். அன்னைக்கே ஊருக்குத் தெரிஞ்சிரும். கமிட்டில எவன் என்னை மதிப்பான்? ஒருத்தர் போறத மறைக்கலாம். ரெண்டு பேர் போறத மறைக்க முடியுமா?"

"செரி. அதுக்கு எம்புள்ளகிட்ட நான் வேண்டாங்கறேன்னு ஏன் சொன்னீங்க?"

"வேற என்னத்தச் சொல்றது? நாந்தான் கூட்டிட்டு வரலன்னா அவ எம்மேல கோவிச்சுக்குவா."

இதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. யோசித்துப் பார்த்து, வேறு வழியில்லை என்று கண்டுபிடித்தவர் மாதிரி சொன்னார். ஒருத்தி கோபம் யார்மேலாவது விழ வேண்டும், அது என்மேல் விழட்டும் என்று முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவில் என்னைக் கேட்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. வேறு ஒருத்தி இருந்திருந்தால் நான் ஊரைக் கூட்டி அழுதிருப்பேன். இதற்கு எப்படி அழுவது, யாரிடம் போய்ச் சொல்வது.

"கும்பாபிஷேகம் முடியட்டும் சம்பூரணம். அதுவரைக்கும் வாயத் தொறக்காத," என்று சொல்லிவிட்டு எழுந்து, தானே காபி போட்டுக்கொண்டார்.

28 ஜூலை, வியாழன்

பஸ்ஸில் தனியாக உடுமலை போனேன். எங்கே போகிறாய் என்று இவர் கேட்கவில்லை.

தாரணி கதவைத் திறந்தாள், உட்காரச் சொன்னாள், காபி கொடுத்தாள். விருந்தாளிக்குக் கொடுக்கிற டம்ளரில். ஞானசேகர் மில்லில் பகல் ஷிஃப்ட். குழந்தைக்கு ஆதிரை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என்னிடம் வரவில்லை. அப்புச்சி ஏன் வரவில்லை என்று அழுதாள்.

நான் அப்பா சொன்ன பொய்யைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தேன். தாரணி கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"அப்பா பொய் சொன்னது செரிம்மா. நான் பெங்களூர்ல இருந்து போன் பண்ணுனேன். அம்மான்னு கூப்பிட்டேன். போன வெச்சது நீங்கதான."

ஆமாம் என்றேன்.

"அன்னைக்கு அப்பாவா உங்க கையப் புடிச்சு வெச்சாரு?"

சத்தியம் செய்திருந்தேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. கடைசி பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் இருந்தது, ஆனாலும் கிளம்பிவிட்டேன்.

2 ஆகஸ்ட், செவ்வாய்

ஆடிப்பெருக்கு. அமராவதியில் எல்லாரும் குளித்தார்கள். நான் போகவில்லை.

11 ஆகஸ்ட், வியாழன்

உடுமலை போனேன். ஆதிரை இன்று தன் பொம்மைக்குச் சட்டை கேட்டாள். கைக்குட்டையைக் கிழித்து அங்கேயே ஊசியால் தைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு தூரப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தாரணி அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது குடை கொடுத்தாள்.

20 ஆகஸ்ட், சனி

கார் வந்துவிட்டது. பாய் ஒரு பழைய வண்டியிலிருந்து டிஃபரன்சியல் எடுத்துப் போட்டிருக்கிறார். பின் சக்கரம் இரண்டுக்கும் ஒரே அளவு டயர் வாங்கி மாட்டிவிட்டார். உடைந்த பல் ஒன்றைத் தாளில் மடித்துக் கொண்டுவந்து இவரிடம் காட்டினார். இவர் வாங்கிப் பார்த்துவிட்டு மன்னிப்பு மாதிரி ஏதோ சொன்னார். பாய், "பரவாயில்லீங்கய்யா," என்றார். அவர்களுக்குள் சரியாகிவிட்டது.

30 ஆகஸ்ட், செவ்வாய்

கும்பாபிஷேகப் பத்திரிகை வந்தது. தலைவர் தம்பதி சமேதராக யாகத்தில் அமர்ந்து என்று அச்சடித்திருக்கிறார்கள். எனக்கு அரக்குக் கலரில் பட்டுச்சேலை எடுத்து வந்திருக்கிறார்.

"நான் உக்கார மாட்டேனுங்க," என்றேன்.

"என்ன பேசற நீ? ஆறு ஊர்ச் சனம் வரும்."

"அந்தச் சனத்துக்கு முன்னால நீங்க சொல்லுங்க. எம்மகளைப் போய்ப் பாத்துட்டுத்தான் இருந்தேன், எம்பேத்திய மடில வெச்சுச் சோறு ஊட்டுனேன்னு சொல்லுங்க. சொன்னீங்கன்னா வந்து உக்கார்றேன். எந்தச் சாமி முன்னால என்னைக் கற்பூரம் அணைக்கச் சொன்னீங்களோ அந்தச் சாமி முன்னாலதான சொல்லச் சொல்றேன்."

பத்திரிகையை எடுத்து அந்த வரியை மறுபடி படித்தார். சொல்லிவிடுவார் என்றே ஒரு கணம் நினைத்தேன். "முடிஞ்ச பொறவு பாக்கலாம்," என்றார்.

6 செப்டம்பர், செவ்வாய்

இன்னும் சொல்லவில்லை. இன்று கோயிலுக்கே போய்த் தங்கிவிட்டார். பட்டுச்சேலை பெட்டியோடு மேசைமேல் இருக்கிறது.

8 செப்டம்பர், வியாழன்

இன்று கும்பாபிஷேகம். நான் ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பி உடுமலை வந்துவிட்டேன். இதைத் தாரணி வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஞானசேகர் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "வாங்க அத்தை," என்று மட்டும் சொல்லி, என் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டுப் போனார். ஆதிரை இட்லித் தட்டோடு எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீங்க அம்மாவோட அம்மாவா?"

"ஆமாங் கண்ணு. அம்முச்சின்னு கூப்புடு."

"அப்புச்சி வந்தாங்க. நீங்க ஏன் வரல?"

அடுப்படியிலிருந்து தாரணி, "அம்முச்சிக்கு ஒடம்பு செரியில்லாம இருந்துச்சு. பேசாமச் சாப்புடு," என்றாள். எனக்காகத்தான் சொன்னாள். எனக்கு அது தாங்கவில்லை.

"ஒடம்பு நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு. வந்திருக்கோணும். நாந்தான் வரல," என்றேன்.

குழந்தைக்கு அது போதுமாக இருந்தது. இட்லியைப் பிய்க்க ஆரம்பித்தாள். அடுப்படியில் சத்தம் நின்றுவிட்டது.

ஒன்பதரைக்கு என் போன் அடித்தது. இவருடைய தங்கை பழனாத்தாள். பின்னால் மேளமும் மைக்கும் கேட்டது.

"அண்ணி, காய்ச்சல் எப்படி இருக்குது? எந்திரிக்கவே முடியலன்னு அண்ணன் மைக்குல சொல்லிட்டாரு. தனியா உக்காந்திருக்காரு, பாக்கவே ஒரு மாதிரி இருக்குது. எல்லாரும் உங்களத்தான் கேக்கறாங்க."

"எனக்குக் காய்ச்சல் இல்ல பழனாத்தா. நான் உடுமலைல இருக்கறேன். தாரணி ஊட்டுல."

பழனாத்தாள் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணி, சத்தமாப் பேசாதீங்க. பக்கத்துல ஆளுக இருக்குது."

"இருக்கட்டும். அவங்ககிட்டயும் சொல்லு. அண்ணனும் மூணு வருசமா இங்க வந்துட்டுத்தான் இருக்காருன்னு சொல்லு. நான் சொன்னேன்னே சொல்லு."

போனை வைத்தேன். செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. இந்நேரம் அங்கே காதோடு காதாகப் போயிருக்கும். யாகத்தில் உட்கார்ந்திருக்கிறவர் எழுந்திருக்கவும் முடியாது. முப்பத்தாறு வருஷத்தில் அவரை நான் யார் முன்னாலும் தலைகுனிய வைத்ததில்லை. இனி அவர் இந்த வீட்டுக்கு வருவாரா, குழந்தை கேட்டால் என்ன சொல்வது, அதுவும் தெரியவில்லை.

தாரணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தோள் தொடும் தூரம். இந்த வீட்டில் அவள் அப்படி உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

"அப்பாவ கமிட்டில இருந்து எடுத்துருவாங்களாம்மா?"

"எடுத்தாலும் எடுப்பாங்க."

"பாவம்," என்றாள். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

ஆதிரை பொம்மையைக் கொண்டுவந்து எங்கள் இருவர் நடுவிலும் படுக்க வைத்துவிட்டுப் போனாள். வெயில் ஏறிவிட்டது. பகல் பஸ் பன்னிரண்டுக்கு என்று சொன்னேன்.

"இன்னைக்கு இருங்க," என்றாள் தாரணி.

மாற்றுச்சேலை எடுத்துவரவில்லை என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது.